ஒன்றை அமுக்கினால்

ஊரைத் தாண்டி அரை மணி நேரம் ஆன பிறகுதான் அந்தப் போனைப் பார்த்தேன். வேனின் முன்பக்கம், கியருக்குப் பக்கத்தில் சாவி போடும் குழியில், ஆரஞ்சுத் தோல்களோடு கிடந்தது. பழைய பட்டன் போன். பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் எங்கள் ஆய்வகத்தின் அறை எண்.

அந்தப் போன் மலைக்கு வரக்கூடாது.

எங்கள் ஆய்வகத்தில் ஆறு ஃப்ரீசர்கள். எல்லாமே மைனஸ் எண்பது டிகிரி. சனி, ஞாயிறுகளில் அவற்றின் அலாரம் போன் முறை வைத்து ஒருவரிடம் இருக்கும். யார் முறை என்பது மூன்றாம் ஃப்ரீசரின் கதவில் ஒட்டிய டூட்டி தாளில் எழுதியிருக்கும். வைத்திருப்பவர் ஆய்வகத்துக்கு ஒரு மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஃப்ரீசர் சூடேறினால் போன் அடிக்கும். பதிவு செய்த குரல் ஒன்று ஃப்ரீசரின் எண்ணையும் வெப்பநிலையையும் சொல்லும். நான் போய்ப் பார்க்கிறேன் என்றால் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் அழைப்பு பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். ஒன்றை அமுக்கிவிட்டால் இயந்திரம் நம்மை நம்பிவிடும். பிறகு யாரையும் கூப்பிடாது. மணிக்கொரு தடவை வெப்பநிலையை மட்டும் அதே போனுக்குச் செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் அண்ணன் முறை.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஆறு வருடம் மூத்தவர். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தூக்கியவர். அறை கிடைக்கும்வரை பதினோரு நாள் அவர் வீட்டு சோபாவில் படுத்திருந்தேன். அண்ணி தினமும் எனக்கும் சேர்த்து டப்பா கட்டிக் கொடுத்தார். அவர்கள் எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்று நான் சொன்னதே கிடையாது. எனக்கு அப்படிச் சொல்ல வராது.

வேனில் மொத்தம் ஐந்து பேர். அண்ணன் ஓட்டினார். அவர் பக்கத்தில் அண்ணி, ஐந்தாம் மாதம். இன்னும் கொஞ்ச நாளில் எங்கேயும் போக முடியாது, அதற்குள் ஒரு மலையாவது பார்க்க வேண்டும் என்று இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவரே அவர்தான். நடுவில் நானும், என் அறையில் கூட இருக்கும் நர்ஸக்காவும். அவருக்கு முதியோர் மருத்துவமனையில் வேலை. பின்னால் தனியாகக் காலை நீட்டிக்கொண்டு வக்கீல். அவர் ஏதோ வங்கியில் கம்ப்யூட்டர் வேலை செய்பவர். எதற்கெடுத்தாலும் வாதாடி ஜெயிப்பதால் வக்கீல். எனக்கு மியூட் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

போனை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று நர்ஸக்காவிடம் மெல்லச் சொன்னேன். அவரிடமே கேள் என்றார். நான் கேட்கவில்லை. கேட்காமலே காரணம் தெரியும். முறை மாற்றிக்கொண்டால் டூட்டி தாளில் எழுத வேண்டும், பேராசிரியர் அதைப் பார்ப்பார். அண்ணன் அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றியிருந்தார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது பேராசிரியரின் கையில்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. மலைப்பாதையின் முதல் வளைவுகள் தொடங்கியிருந்தன. வேனுக்குள் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனைப் பின்னால் நீட்டினார்.

"என்னன்னு பாரும்மா."

காதில் வைத்தேன். மூன்றாம் ஃப்ரீசர். மைனஸ் ஐம்பத்தெட்டு.

மூன்றாம் ஃப்ரீசரின் கீழ் இரண்டு தட்டும் என்னுடையவை. ஒரு பழைய மரத்தோப்பில், மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சையைப் பற்றியது என் ஆய்வு. இருபத்தாறு மாதமாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே எட்டு மரத்தடியிலிருந்து மண்ணும் வேரும் எடுத்து உறைய வைத்திருந்தேன். மழையிலும் பனியிலும் போயிருக்கிறேன். காய்ச்சலோடு ஒருமுறை போயிருக்கிறேன். நானூற்றுப் பதினாறு குப்பிகள். உருகினால் அவற்றுக்குள் நான் தேடும் பொருள் சிதைந்துவிடும். போன வருடத்து மழைக்காலத்தை மறுபடி போய்த் தோண்டி எடுக்க முடியாது.

"அண்ணா, மூணாவது ஃப்ரீசர். மைனஸ் அம்பத்தெட்டு."

"எவனாவது கதவைச் சரியா மூடியிருக்க மாட்டான். வெள்ளிக்கிழமைன்னா எல்லாருக்கும் ஓடற அவசரம். தானா இறங்கிடும். ஒண்ணை அமுக்கிடு."

வெள்ளிக்கிழமை மாலை திறந்து கிடந்த கதவுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

"அமுக்கினா அடுத்தவங்களுக்குப் போகாதேண்ணா..."

"மியூட் பேசுது," என்றார் வக்கீல் பின்னாலிருந்து. "யாராவது தேதி போட்டு எழுதி வைங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கொஞ்சம் பொறுமை குறைந்த குரலில், நான் சொல்றேன் இல்ல, என்றார். பதிவுக் குரல் போனுக்குள் ஃப்ரீசர் எண்ணை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்றை அமுக்கினேன்.

குரல் நின்றது. போன் அதன் பிறகு அடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அண்ணன், பார்த்தாயா, அடங்கிவிட்டது என்றார். திரையைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை.

மலைமேல் நாங்கள் எடுத்திருந்தது ஒரு மரவீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஈரக் கம்பளி வாசனை. பெட்டிகளைப் போட்டதும் முகட்டுக்கு நடந்தோம். கைக்குழந்தையோடுகூட ஏறலாம், அவ்வளவு சுலபமான வழி என்று மரவீட்டின் காவல்காரர் சொல்லியிருந்தார். அண்ணி ஏறலாமா என்று நர்ஸக்கா மட்டும் ஒருமுறை கேட்டார். "நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்றார் அண்ணி. போன் என் கோட்டுப் பையில் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

முகட்டில் காற்று பலமாக இருந்தது. ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் மேகம் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. வக்கீல் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் ஓரத்தில், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன். படம் எடுத்த அந்த நொடியில்தான் என் கைக்குள் போன் மூன்று தடவை அதிர்ந்தது.

கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடு சிக்னல். மூன்று செய்திகள். மைனஸ் ஐம்பத்தொன்று, மைனஸ் நாற்பத்துநான்கு, மைனஸ் முப்பத்தேழு. மணிக்கு ஏழு டிகிரி. நேர்க்கோடு. பூஜ்யத்தைத் தொட இன்னும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பட்டியலில் அடுத்தவரின் எண் அந்தப் போனிலேயே இருக்கிறது. அவர் வீடு ஆய்வகத்திலிருந்து நடந்து போகும் தூரம். என் தட்டுகளை ஐந்தாம் ஃப்ரீசருக்கு மாற்ற இருபது நிமிடம் போதும். அவருடைய பெயர் வரை இறக்கி நிறுத்தினேன். அவர் எடுத்ததும் முதலில் என்ன கேட்பார் என்று தெரியும். நீ ஏன் இந்தப் போனிலிருந்து கூப்பிடுகிறாய், அவர் எங்கே? அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

அண்ணனிடம் சொல்லிவிட்டு அவரையே கூப்பிட வைக்கலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அண்ணி வழுக்கினார்.

பெரிதாக விழவில்லை. ஈரப் பாறையில் கால் மடங்கி, கைகளை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். ஆனால் முகம் வெளுத்துப்போயிற்று. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டார். நர்ஸக்கா பக்கத்தில் மண்டியிட்டு, வயிறு இறுகுகிறதா, ஈரம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. கணுக்கால் மட்டும் எங்கள் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. நர்ஸக்கா தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினார். அண்ணனும் வக்கீலும் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்துக்கொள்ள, அண்ணியை அதில் உட்கார வைத்தோம்.

அந்த நேரத்தில் நான் அண்ணனிடம் போனை நீட்டினேன்.

"அண்ணா, முப்பத்தேழு ஆயிடுச்சு. இங்க சிக்னல் இருக்கு. ஒரு கால் பண்ணிட்டா..."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. கோபம்கூட இல்லை. யாரோ தெரியாத ஆள் வந்து வழி மறித்த மாதிரி.

"அவ விழுந்து கிடக்கறா. இப்ப உனக்கு உன் மண்ணா முக்கியம்?"

வக்கீல் வேறு பக்கம் பார்த்தார். அண்ணி வலியோடு என்னைப் பார்த்தார். காது வரை சூடாகிவிட்டது எனக்கு. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டேன். பத்தடி இறங்கியதும் சிக்னல் போய்விட்டது.

இதை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒன்றை அமுக்கியது அவர் சொல்லி. முகட்டில் கூப்பிடாமல் இருந்ததற்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நர்ஸக்கா அண்ணியின் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார். கர்ப்பிணி சாப்பிடக்கூடிய வலி மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதி, கீழே ஊரில் மருந்துக்கடை இருக்கும், வாங்கி வாருங்கள் என்றார். மணி மூன்று. அண்ணனும் வக்கீலும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ அண்ணி கூட இரும்மா," என்றார் அண்ணன்.

கீழே ஊரில் சிக்னல் இருக்கும். போனை அவர் கையில் கொடுத்தேன். முகட்டில் வந்த செய்திகளைத் திறந்து காட்டினேன். இந்நேரம் மைனஸ் பதினேழு இருக்கும், நான்கு மணிக்குள் கூப்பிட்டால்கூடக் கொஞ்சம் மிஞ்சும் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குனிந்து திரையைப் பார்த்தார். படித்தார்.

"பாத்துக்கறேன்," என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை, ஒரு பை நிறைய நொறுக்குத்தீனி, சீட்டுக்கட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். போனை என் கையில் கொடுத்தார். அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். மதியம் நான் கொடுத்தபோது எண்பது சதவீதம் இருந்தது.

அன்று மாலை எல்லோரும் சீட்டு விளையாடினார்கள். அண்ணி வலி குறைந்து சிரித்தார். வக்கீல் ஏமாற்றி ஜெயித்து, ஏமாற்றவில்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். எனக்கும் சீட்டு போட்டார்கள். நான் ஆடினேன். கையில் என்ன சீட்டு இருந்தது என்று ஞாபகம் இல்லை. ஐந்தரை மணி சுமாருக்குப் பூஜ்யம் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை கிளம்பினோம். பாறை சரிந்து ஒரு மணி நேரம் வழியில் நின்றோம். வேனில் யாரும் ஃப்ரீசர் பற்றிப் பேசவில்லை. மூன்று மணிக்கு என்னையும் நர்ஸக்காவையும் எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். குளித்து, உடை மாற்றி, பேருந்து பிடித்து ஆய்வகத்துக்குப் போக எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

கதவைத் திறந்ததும் முதலில் சத்தம் இல்லாததுதான் தெரிந்தது. ஆறு ஃப்ரீசர் ஓடும் அறையில் ஐந்தின் சத்தம். மூன்றாவதன் திரையில் பிளஸ் பதினேழு. அடியில் தண்ணீர் தேங்கி மேசை வரை ஓடியிருந்தது.

அந்தத் தண்ணீரில் காலடித் தடங்கள் இருந்தன. பெரிய பூட்ஸ். ஃப்ரீசர் வரை வந்து, நின்று, திரும்பிப் போன தடங்கள். தண்ணீரின் ஓரத்தில் செம்மண் கரைந்திருந்தது. அந்த நிறத்து மண்ணை நான் முந்தைய நாள் முகட்டில்தான் மிதித்திருந்தேன்.

கதவின் ரப்பர் விளிம்பு பிரிக்கப்படாமல் ஒட்டியபடியே இருந்தது. ஃப்ரீசரை அவர் திறக்கவில்லை. ஒரு தட்டைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. தரையைத் துடைக்கவும் இல்லை. டூட்டி தாளைப் பார்த்தேன். அந்த வாரத்துக்கு நேரே அவர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நீல மையில் என் பெயர். என் பெயரின் கடைசி எழுத்தை நான் அப்படி வளைக்க மாட்டேன்.

குப்பிகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் தேதி. உள்ளே கலங்கிய தண்ணீர். நானூற்றுப் பதினாறையும் எண்ணவில்லை. தரையைத் துடைத்தேன். தடங்களையும் சேர்த்துத்தான் துடைத்தேன். அவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஆறு மணிக்கு அண்ணி கூப்பிட்டார். வீட்டுக்கு வா, உன்னிடம் பேச வேண்டும்.

அவர்கள் வீட்டு வாசலில் அண்ணனின் பூட்ஸ் கழுவிக் காய வைத்திருந்தது. உள்ளே வக்கீல் இருந்தார். அண்ணி சோபாவில், நான் பதினோரு நாள் படுத்த அதே சோபாவில், காலை நீட்டிப் படுத்திருந்தார். டீ கொடுத்தார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். பேசியது வக்கீல்தான்.

நாளைக்குப் பேராசிரியர் கேட்பார் என்றார். போன் யாரிடம் இருந்தது, யார் அமுக்கியது என்று. ஒன்பது பத்துக்கு ஒன்றை அமுக்கியது பதிவில் இருக்கும். அண்ணனுடைய ஒப்பந்தம் இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் இந்த நிலையில் அண்ணியை வைத்துக்கொண்டு எங்கே போவது? இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. அதை முதல்ல புரிஞ்சுக்கோ. போன் யார் கையில இருந்துச்சு? உன் கையில. அமுக்கினது யாரு? நீ. நடந்ததை மட்டும் சொல்லு, போதும். அந்த வாரம் நீ வாங்கிக்கிட்டேன்னு தாள்ல ஒரு வரி. நீ சரின்னு சொன்னா மட்டும்தான் எழுதுவோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு யோசி," என்றார் வக்கீல். "அந்த ஃப்ரீசர்ல மத்தவங்களுக்கெல்லாம் வேற இடத்துல காப்பி இருக்கு. போனது உன்னோடது. உன் பொருளை நீயே கெடுத்துக்கிட்டேன்னா உன்னை யாரு திட்டுவாங்க? பாவம்னுதான் சொல்லுவாங்க. அவன் கெடுத்தான்னா அது வேற."

அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வக்கீலிடம் உள்ள கஷ்டம். மற்றவர்களின் காப்பி, அதாவது மாற்றுக் குப்பிகள், பக்கத்துக் கட்டடத்தின் புது ஃப்ரீசரில் இருந்தன. அதில் இடம் மூத்தவர்களுக்கு முதலில். என் முறை வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது.

"நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னுதான் கேக்கறோம். வெளியாளுன்னா கேப்போமா?"

தாளில் ஏற்கெனவே என் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணிக்கு அது தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லியிருந்தால் அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. நான் டீயைக் குடித்தேன். தலையைக்கூட ஆட்டவில்லை. அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அன்றிரவு அறைக்கு வந்து நர்ஸக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் இதுல வரலம்மா," என்றார். "அவங்க ரெண்டு பேரும் எனக்கும் வேணும். நீயும் வேணும்." எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. மேசையில் இரண்டு தாள். ஒன்று அலாரம் பதிவு, இன்னொன்று ஃப்ரீசர் கதவிலிருந்து எடுத்து வந்த டூட்டி தாள். பேருந்தில் வரும்போது முழுவதையும் இந்த நாட்டு மொழியில் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். யாருடைய முறை, எங்கே இருந்தோம், முகட்டில் நான் செய்யாதது, கீழே ஊரில் அவர் செய்யாதது. பதினான்கு வாக்கியம்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. ஒன்பது பத்துக்கு ஒன்றை அமுக்கியது யார்?

நான், என்றேன்.

அடுத்து, அந்த வாரம் யார் முறை என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது. அவர் டூட்டி தாளை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வருத்தமாக இருக்கிறது என்றார். உன் சொந்த இரண்டு வருட வேலை, நீயே இவ்வளவு அலட்சியமாக இருந்துவிட்டாயே என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

வாய் திறந்தேன். முதல் வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அமுக்கியது நான்தானே என்று இன்னொரு பக்கம் தோன்றியது. சோபா ஞாபகம் வந்தது. டப்பாக்கள் ஞாபகம் வந்தன. இல்லை, என்றேன்.

வக்கீல் சொன்னபடியேதான் நடந்தது. யாரும் திட்டவில்லை. நடைவழியில் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். முனைவர் பட்டத்துக்கான வேலை இனி முடியாது, கையிலிருப்பதை வைத்துச் சின்ன அறிக்கையாக எழுதி, அதற்குக் கீழான சின்னப் பட்டத்தோடு ஊருக்குப் போகலாம் என்றார் பேராசிரியர். மூன்று மாதம் கொடுத்தார். அண்ணனுக்கு இரண்டு வருடம் நீட்டித்தார். அண்ணி வாரம் இரண்டு முறை டப்பா கொடுத்தனுப்பினார். சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். படிப்பு முடிந்துவிட்டதா என்று அம்மா போனில் கேட்டபோது, முடியப்போகிறது என்றேன். அதுவும் பொய் இல்லை.

கடைசி மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். கையில் அலாரம் போன். நாளைக்கு எல்லோரும் மலைக்குப் போகிறார்கள் என்றார். அதே வீடு. மழை வந்து போன தடவை சரியாகப் பார்க்கவில்லை, குழந்தை பிறப்பதற்குள் ஒரு தடவை என்று அண்ணி கேட்கிறாராம். வேனில் இந்த முறை இடம் இல்லை. வக்கீலின் நண்பர்கள் இரண்டு பேர் வருகிறார்கள்.

"நீ எப்படியும் ரூம்லதானே இருப்பே," என்று போனை என் மேசைமேல் வைத்தார். "இந்த வாரம் கொஞ்சம் பாத்துக்கம்மா. தாள்ல நான் மாத்திடறேன்."

"இது உங்க முறைண்ணா," என்றேன்.

அவர் சிரித்தார். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்ன மாதிரி. தோளில் லேசாகத் தட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போன் மேசைமேல் கிடந்தது. பேட்டரி நிரம்பியிருந்தது. சிக்னல் நான்கு கோடு.

மூன்றாம் ஃப்ரீசரைச் சரி செய்துவிட்டார்கள். அதன் கீழ்த்தட்டுகளில் இப்போது வேறு யாருடையவோ பொருள்கள். அவற்றுக்கும் யாரோ மழையிலும் பனியிலும் போயிருப்பார்கள்.

போனை எடுத்துக்கொண்டு நடைவழியில் நடந்தேன். பேராசிரியர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். அடுத்த வாரம் விமானம். இனி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இந்த ஆய்வகத்தில் எதுவும் இல்லை. அதனால் வந்த தைரியம் இது. இதைத் தைரியம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அண்ணிக்கு இது எட்டாம் மாதம் என்பதும் ஞாபகம் இருந்தது.

உள்ளே வரச் சொன்னார். போனை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் என்னவென்று கேட்பதற்குள் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். பதினான்கும் வரிசை மாறாமல் ஞாபகத்தில் இருந்தன.